பாடி பிளஸ்

வண்டிக்குச் சொந்தக்காரர் வரதராஜுலு சார் சுங்கம் சிக்னலில் நிற்கிறாராம். போனை வைத்த முதலாளி மாரப்பண்ணன், "டாக்ஸியில வர்றாரு, இருவது நிமிசம், நீ வண்டிக்குள்ளயே உக்காந்திரு அம்மிணி, அதையும் இதையும் நோண்டிக்கிட்டு இருக்காதே" என்று சொல்லிவிட்டு ஒர்க்‌ஷாப் வாசலுக்குப் போய்விட்டார். அதனால் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. திறந்து நிறுத்திய பானெட்டின் மேல்புறம் மட்டும் சாம்பல் நிறச் சுவர் மாதிரி நிற்கிறது. மோரிஸ் மைனர், ஐம்பத்து நான்காம் வருடத்து வண்டி, என் அப்பாவைவிடப் பதினைந்து வயது மூத்தது. வளையலைப் பெரிதாக்கினாற்போல மெல்லிய ஸ்டியரிங். இருக்கைக்குள் ஒரு ஸ்பிரிங் இடது தொடையைக் குத்துகிறது. நகர்ந்து உட்காரலாம், நகரவில்லை. நகர்ந்தால் வண்டி ஆடும், ஆடினால் நான் முடுக்கியது ஏதாவது தளர்ந்துவிடும் என்று தோன்றுகிறது. அப்படியெல்லாம் தளராது என்று தெரியும். தெரிந்தும் தோன்றுகிறது. வேலை என்னவோ சின்னதுதான். பழைய வண்டியில் பிளக்குக்குப் பொறி போக டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் என்று ஒன்று இருக்கும். உளுந்து அளவில் இரண்டு உலோகப் பொட்டுகள், ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகும், விலகும் ஒவ்வொரு முறையும் ஒரு பொறி. தொட்டுத் தொட்டே கருகிப்போகும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவேண்டும், இடைவெளி பார்க்கவேண்டும், மழை நாளில் முரண்டு பிடிக்கும். அதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பாதித் தீப்பெட்டி அளவுள்ள ஒரு எலக்ட்ரானிக் டப்பாவை உட்காரவைக்கவேண்டும். சுழலும் தண்டில் ஒரு காந்த வளையம் மாட்டவேண்டும். காந்தம் கடந்து போவதை டப்பா தொடாமலே தெரிந்துகொள்ளும். தேய்வதற்கு எதுவுமில்லை. இரண்டு வயர், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. இரண்டே இரண்டு வயர். அந்த இரண்டில்தான் போன வாரம் நான் தப்புச் செய்தேன்.

சிவப்பை எங்கே கொடுத்தேன், இப்போது எங்கே கொடுத்திருக்கிறேன். கறுப்பு சுவிட்சுப் பக்கம், சிவப்பு காயிலின் மறுபக்கம். சரி. காலையிலிருந்து நான்கு முறை பார்த்தாயிற்று. வீட்டில் கேஸ் அடைத்தோமா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வருகிறவள்தான் நான், பரீட்சைக்கு ஹால் டிக்கெட் பையில் இருக்கிறதா என்று பஸ்ஸில் ஏழு முறை தொட்டுப் பார்ப்பவள். அப்படிப்பட்டவள் போன வாரம் ஒரு முறைகூடப் பார்க்காமல் மாட்டினேன் என்றால் யார் நம்புவார்கள். நம்பமாட்டார்கள் என்பதால்தான் மாரப்பண்ணன் இவ்வளவு சுலபமாக ஒரு பொய் தயார் செய்துவிட்டார். அன்றைக்கு வோல்ட் அளக்கும் மீட்டர் என் பையில்தான் இருந்தது. எடுத்தேன். வெளியே பாதி வந்திருந்தது. பக்கத்தில் டிங்கர் வேலை செய்யும் ரொசாரியோ அண்ணன் ஒரு மட்கார்டின் மேல் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார். "ஏனுங் எஞ்சினியரம்மா, பேட்டரியில எது பிளஸ்சு எது மைனஸ்சுன்னு பாக்கறதுக்கே மிசின் வேணுமா? நாலு வருசம் காலேஜ்ல என்ன, கோலம் போடச் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் மன்னிக்க முடியாதது. சிரித்துக்கொண்டே மீட்டரைத் திரும்பப் பைக்குள் தள்ளினேன். பேட்டரியிலிருந்து ஒரு தடித்த கேபிள் வண்டியின் உடம்பில் போல்ட் போட்டு இறங்குவதைப் பார்த்தேன். நோட்டில் 'பாடி = மைனஸ்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்த அடிக்கோடு இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. மாட்டினேன், சாவியைத் திருப்பினேன், நான்கு எண்ணுவதற்குள் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் ஓரத்திலிருந்து மெல்லிசாக ஒரு நூல் புகை எழுந்தது. பிளாஸ்டிக் வேகிற வாசனை. ரொசாரியோ அண்ணன் பன்னை வாயில் வைத்தபடியே, "சாம்பிராணியா அம்மிணி? இன்னிக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லியே" என்றார். அப்புறம்தான் மீட்டரை எடுத்தேன். எல்லாம் முடிந்தபிறகு. முள் தலைகீழாகப் போனது. பாடி பிளஸ். அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளில் உடம்புதான் பிளஸ், ஒர்க்‌ஷாப்பில் உல்டா எர்த் என்பார்களாம். அவர்களில் யாரிடமாவது கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார்கள். கேட்பதற்கும் எனக்கு வாய் வரவில்லை, அளப்பதற்கும் கை வரவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. படித்தவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்று அவர்கள் நினைப்பதாக நான் நினைத்தேன்.

வாசலில் டாக்ஸி சத்தம். இல்லை, குட்டியானை. தண்ணீர் கேன் இறக்குகிறது. இப்போது மேம்பாலம் ஏறியிருப்பார். ராமநாதபுரத்தில் இறங்கி, ஒலம்பஸ் தாண்டி, சிங்காநல்லூர் சிக்னல், அப்புறம் இந்தச் சந்து. வரதராஜுலு சார் எப்படி இருப்பார் என்று எனக்கு மனப்பாடம். வெள்ளை அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, பேசுமுன் தொண்டையைச் செருமிக்கொள்வார். எழுபத்திரண்டு வயது. போன மாதம் இந்த வண்டி அவிநாசி ரோட்டில் அவரையும் அவர் மனைவியையும் வைத்துக்கொண்டு பெருமழையில் நின்றுபோயிற்று. அந்த அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி ஆட்டோவில் ஏறி, ஏறும்போது, "ஒண்ணு இதை விப்பீங்க, இல்ல இது கிளம்பும்படி பண்ணுவீங்க, ரெண்டும் இல்லாம இனிமே என்னைக் கூப்பிடாதீங்க" என்றாராம். சாரே சொல்லிச் சிரித்தார். சிரித்தவர் என்னைப் பார்த்ததும் செருமினார். "இந்தப் பொண்ணா மாரப்பா?" என்றார். "ஆமாங் சார், எலக்ட்ரானிக்ஸ் படிச்ச புள்ள, இந்த வேலைக்குன்னே எடுத்திருக்கறேன்" என்றார் மாரப்பண்ணன். அது உண்மை. சாரின் நண்பர்களிடம் இதுபோல நான்கு பழைய வண்டிகள் இருக்கின்றன. இது நன்றாக அமைந்தால் அந்த நான்கும் இங்கே வரும். நான்கும் வந்தால் எனக்கு இங்கே ஒரு வேலை இருக்கும். வராவிட்டால் மாரப்பண்ணனுக்கு நான் எதற்கு. டயர் கழற்ற ஆள் இருக்கிறது, ஆயில் மாற்ற ஆள் இருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் சிரமம். கெட்டவராக இருந்தால் எதிர்த்துப் பேசிவிடலாம். இன்று காலை டீயை என் கையில் கொடுத்துக் குரலைத் தணித்து, "மொதல் டப்பா ஏன் எரிஞ்சுதுன்னு கேப்பாரு கண்ணு. கடையில இருந்து வந்ததே கோளாறுன்னு சொல்லிப்போடு. நானும் அப்படித்தான் போன்ல சொல்லி வெச்சிருக்கறேன். நீயா எதையும் அவுத்துக் கொட்டாதே. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றார். கண்ணு என்றார். என் அப்பா அப்படிக் கூப்பிடுவதில்லை. அந்தச் சொல் டீயோடு சேர்ந்து உள்ளே இறங்கியது. நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேனா? ஆட்டினேன். ஆட்டியது சம்மதமா, கேட்டுக்கொண்டேன் என்பதற்கா என்று எனக்கே தெரியவில்லை. அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

இதில் கடையில் கோளாறு என்று சொல்வதற்குக் கடை ஒரு கல்லாப்பெட்டி மட்டுமாக இருந்தால் பரவாயில்லை. அங்கே ஹேமா இருக்கிறாள். முகம் தெரியாது, குரல்தான். மெட்ராஸில் பழைய வண்டிச் சாமான் விற்கும் கடையில் போன் எடுக்கும் பெண். ஆர்டர் கொடுக்கும்போது, "அக்கா, பாசிட்டிவ் எர்த்தா, நெகட்டிவ் எர்த்தாக்கா? மைனர்னா பெரும்பாலும் பாசிட்டிவா இருக்கும், ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்களேன், நான் லைன்ல இருக்கேன்" என்றாள். லைனில் இருக்கிறேன் என்றாள். வண்டி பத்தடியில் நின்றது. நான் போகவில்லை. "நெகட்டிவ்தாங்க, தெரியும்" என்றேன். தெரியும் என்று வேறு சேர்த்தேன். கேட்டவளுக்குத் தெரிந்திருந்தது, தெரியும் என்றவளுக்குத் தெரியவில்லை. எரிந்த அன்று மாரப்பண்ணன் ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினார். அவள் மெதுவாக, "அண்ணா, நான் கேட்டேண்ணா, அவங்கதான்..." என்று ஆரம்பித்தாள். "யாரு கேட்டா யாரு சொன்னாங்கறதெல்லாம் எனக்கு வேண்டாம்மா, சரக்கு எரிஞ்சு கெடக்குது" என்று இவர் அமுக்கினார். நான் ஒன்றரை அடி தூரத்தில் நின்றேன். ஒரு ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. கடைசியில் அவள், "சரிண்ணா, வேற அனுப்பறோம். ஓனர் என்கிட்ட விளக்கம் எழுதி வாங்கிட்டாரு" என்றாள். விளக்கம். என்ன எழுதியிருப்பாள். கேட்கவில்லை என்று எழுதியிருப்பாளா, கேட்டேன் என்று எழுதியிருப்பாளா. எப்படி எழுதினாலும் அங்கே யாரும் நம்பப்போவதில்லை, ஏனென்றால் நம்புவதற்கு வேண்டிய ஒரு வாக்கியம் என் வாய்க்குள் இருக்கிறது. நேற்று வந்த பார்சலைப் பிரித்தால் டப்பாவின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது, பால்பாயிண்ட் பேனாவில் அழுத்தி எழுதிய எழுத்து. 'பாடி பிளஸ். பார்த்து மாட்டவும்.' கோபமாக எழுதியதா, அக்கறையாக எழுதியதா. எழுத்தைப் பார்த்தால் இரண்டு மாதிரியும் இருந்தது.

வியர்க்கிறது. கண்ணாடியை இறக்கலாம், கைப்பிடி கையோடு வந்துவிடுமோ என்று பயம். வண்டிக்குள் பழைய ரெக்ஸின் வாசனை, அடியில் எங்கேயோ எலி செத்துக் காய்ந்த வாசனை, அதற்கும் அடியில் புகை வாசனை. புகை இல்லை. போன வாரத்தது மூக்கிலேயே இருக்கிறது. சாவியைத் திருப்பவே இல்லை, எப்படிப் புகை வரும். மறுபடியும் எரிந்தால்? மறுபடியும் எரிந்தால் என்று நினைக்காதே. முதல் வருடத்தில் எர்த் என்றால் என்ன என்று நடத்தினார்கள். எதையாவது ஒன்றைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால்தான் மற்றதை அளக்க முடியும், எதை வைத்துக்கொள்வது என்பது நம் இஷ்டம், எல்லோரும் மைனஸை வைத்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான் என்று மேடம் சொன்னார். நான் அதை எழுதிக்கொண்டேன், பரீட்சையிலும் எழுதினேன், மார்க்கும் வந்தது. அவ்வளவுதான் என்ற சொல் மட்டும் எனக்குள் போகவில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்டது உண்மை என்று எடுத்துக்கொண்டேன். வீட்டில் முதல் ஆளாகப் படிக்கிறவளுக்குப் புத்தகத்தில் எது விதி, எது பழக்கம் என்று பிரித்துச் சொல்ல யார் இருக்கிறார்கள். எல்லாமே விதி மாதிரித்தான் தெரியும். கான்டீனில் தட்டைத் திருப்பி வைப்பதுகூட. வீட்டில் முதல் ஆள் என்பதற்கு அரசாங்கம் ஒரு சான்றிதழே தருகிறது, முதல் பட்டதாரிச் சான்றிதழ், அதைக் காட்டினால் கல்லூரிக் கட்டணத்தில் சலுகை. அதை வாங்க அம்மாவோடு வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனேன். "உங்க குடும்பத்துல யாருமே டிகிரி முடிக்கலீங்களா?" என்று அவர் கேட்டார். "ஒருத்தருமில்லீங்" என்றாள் அம்மா. "உங்க வீட்டுக்காரரு?" "எட்டாவதுங்." "நீங்க?" "நானு பேரு போடுவேனுங்." இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல அம்மாவின் தலை நிமிர்ந்துகொண்டே போனதுபோல எனக்கு இருந்தது. எனக்கு ஏதோ கூச்சம், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சலுகை ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் என்று தெரிந்ததும் தம்பி யுவராஜ், "உடு அக்கா, நான் ரெண்டாம் பட்டதாரி, எனக்கு அதுக்குன்னு ஒரு சட்டிபிகேட்டு தருவாங்க" என்றான். பரணில் அந்தத் தாள் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. இந்த வீட்டில் பூஜ்யம் என்று முத்திரை குத்திய தாள். அங்கிருந்துதான் என்னை அளக்கவேண்டும். அளக்கட்டும்.

ராமநாதபுரம் தாண்டியிருப்பார். வாக்கியத்தைத் தயார் செய்துகொள்கிறேன். சார், முதல் டப்பா எரிந்ததற்குக் காரணம். வேண்டாம், காரணம் என்று ஆரம்பித்தால் சமாளிப்பு மாதிரி. சார், ஒரு சின்னத் தப்பு. சின்னதா? சார், தப்பு நடந்துபோச்சு. தானாக நடந்ததா? மழையா அது? நடந்துபோச்சு, ஆயிருச்சு, போயிருச்சு. தமிழில் ஆள் இல்லாமல் தப்பு மட்டும் நடப்பதற்கு எத்தனை வழி. செய்தேன் என்று சொல்ல ஒரே வழிதான். இன்னொன்றும் செய்யலாம், ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். மாரப்பண்ணன் அவர் பாட்டுக்குச் சொல்லட்டும், நான் சாவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். பொய் என்னுடையது ஆகாது, என் வாயிலிருந்து வரவில்லையே. இதை நினைத்ததும் ராக்கியம்மா மனசுக்குள் வந்துவிட்டார். வரக்கூடாது என்றால் வருவார். நான் நாலாவது படிக்கும்போது அம்மாவும் ராக்கியம்மாவும் இன்னும் மூன்று பேரும் ஒரு பம்ப்செட் பட்டறையில் மோட்டாருக்குக் காயில் கட்டினார்கள். சுற்று எண்ணிக்கை பிசகினால் மோட்டார் எரியும். ஒரு நாள் எரிந்த மோட்டார் ஒன்று திரும்பி வந்தது. யார் கட்டியது என்று கேட்டார்கள். ஐந்து பேரும் பேசவில்லை. கடைசியில், வயசாயிருச்சு, கண்ணு சரியில்லை என்று ராக்கியம்மாவை நிறுத்தினார்கள். அம்மாதான் கட்டியது. எனக்குத் தலை பின்னிக்கொண்டே ஒரு நாள் இதைச் சொன்னாள், சொல்லவேண்டும் என்று சொன்ன மாதிரியும் இல்லை, சீப்பில் சிக்கிய முடியை எடுத்துக்கொண்டே, "அன்னிக்கு நானுன்னு சொல்லியிருந்தா என்னத்தான் நிறுத்தியிருப்பாங்க. அப்ப நீ நாலாவது" என்றாள். அவ்வளவுதான். ராக்கியம்மா வீட்டுத் தெரு வழியாக அம்மா இன்றைக்கும் போவதில்லை, ரேஷன் கடைக்குச் சுற்றிக்கொண்டு போகிறாள். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது. அந்த மௌனத்தின் மேல் உட்கார்ந்துதான் நான் ஐந்தாவது படித்தேன், பத்தாவது படித்தேன், எர்த் என்றால் என்ன என்று படித்தேன். இவ்வளவும் படித்து, மீட்டர் ஒன்று வாங்கி, மறுபடியும் ஒரு பெண்ணைக் காட்டி அவள்தான் என்று சொல்வதற்கா? அம்மாவுக்கு நாலாவது படிக்கிற ஒருத்தி வீட்டில் இருந்தாள். எனக்கு யார் இருக்கிறார்கள்? யுவராஜ் இருக்கிறான், பன்னிரண்டாவது. இருக்கட்டும். அவனை இதற்குள் இழுக்கமாட்டேன். வேலை போகும். போனால்? அப்பா தன்னோடு லோடு ஏற்றுகிறவர்கள் எல்லோரிடமும் மகள் கம்பெனியில் எஞ்சினியர் என்று சொல்லி வைத்திருக்கிறார், கம்பெனி இல்லப்பா ஒர்க்‌ஷாப் என்றால், ஷாப்புன்னாலும் கம்பெனிதானே என்கிறார். அவரிடம் இன்னொரு முறை சொல்லவேண்டி வரும். சொல்வேன். பயமாக இல்லையா? பயமாக இருக்கிறது.  பயம் போன பிறகு சொல்லலாம் என்றால் இந்த ஜென்மத்தில் சொல்லமுடியாது. பயத்தோடேயே சொல்லவேண்டியதுதான்.

கதவு சாத்தும் சத்தம். செருமல். பானெட்டின் பக்கவாட்டில் வெள்ளைச் சட்டை ஒன்று தெரிந்து மறைந்தது. "வாங் சார், வாங், வெயிலு பாருங், மோர் சொல்லட்டுங்களா?" என்று மாரப்பண்ணன். "மோரெல்லாம் வேண்டாம். ஆச்சா இல்லையா அதைச் சொல்லு." "ஆச்சுங். நீங்க வந்து பாக்கட்டும்னுதான் ஸ்டார்ட் பண்ணாம வெச்சிருக்கறோம். இந்த டப்பா நல்ல டப்பாங், மொதல்ல வந்ததுதான் அந்தக் கடைக்காரங்க..." இவ்வளவு சீக்கிரம் வந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு நலவிசாரிப்பு இருக்கும், வண்டியைச் சுற்றி ஒரு நடை இருக்கும், அதற்குள் மூச்சு விட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். "கடையில கோளாறு இல்லீங் சார்" என்று யாரோ சொன்னார்கள், குரல் கீச்சென்று இருந்தது, என் குரல்தான். கதவைத் திறந்து இறங்கினேன். ஸ்பிரிங்கில் சுடிதார் மாட்டிக்கொண்டது, இழுத்தேன், கிழிந்தது. "மொதல் டப்பாவை நாந்தானுங்க எரிச்சேன். பாடி பிளஸ்சுங்க இந்த வண்டியில. நான் மைனஸ்னு மாட்டிட்டேன். கடைப் பொண்ணு கேட்டாங்க, பாத்துச் சொல்லுங்கன்னாங்க. நான் பாக்காமயே தெரியும்னு சொன்னேன்." ரொசாரியோ அண்ணனின் சுத்தியல் நின்றுபோயிற்று. மாரப்பண்ணன் என்னைப் பார்க்கவில்லை, தன் செருப்பைப் பார்த்து, "சொல்லிப்போட்டா பாரு" என்றார், எனக்குச் சொன்னமாதிரி இல்லை, செருப்புக்குச் சொன்ன மாதிரி. வரதராஜுலு சார் செருமினார். "எர்த்துன்னா மைனஸ்னு உனக்கு யாரும்மா சொன்னது?" காலேஜ் என்று சொல்லியிருக்கலாம். "யாரும் சொல்லலீங். நானா நெனச்சுக்கிட்டேன். மீட்டர் கையில இருந்துது, அளக்கல." "ஏன் அளக்கல?" இதற்கு நான் வாக்கியம் தயார் செய்யவில்லை. ரொசாரியோ அண்ணன் பக்கம் கண் போனது, திருப்பிக்கொண்டேன். "சிரிப்பாங்கன்னு அளக்கலீங்" என்றேன்.  சார் மாரப்பண்ணனிடம் திரும்பி, "போன்ல நீ எனக்கு வேற சொன்னே" என்றார். "அது வந்துங் சார்..." "சரி, இப்ப யாராவது ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க."

சாவியைத் திருப்பினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்து. புகை இல்லை. டாஷ்போர்டுக்கு அடியிலிருக்கும் ஸ்டார்ட்டர் குமிழைப் பிடித்து இழுத்தேன். எஞ்சின் முனகிச் சுற்றியது, சுற்றியது, பட்டென்று பின்னால் ஒரு வெடி. டீக்கடை நாய் ஓடியது. "தீவாளி!" என்றார் ரொசாரியோ அண்ணன். வெடித்த சத்தத்திலேயே காரணம் தெரிந்தது. எரியவில்லை. பொறி வருகிறது, வந்ததால்தான் வெடித்தது, நேரம் தப்பி வருகிறது. பாயிண்ட் திறக்கிற இடமும் காந்தம் கடக்கிற இடமும் ஒன்றாக இருக்காது, டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி வைக்கவேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்ற சொல் இந்த முறை உள்ளே போயிற்று. இறங்கி முன்பக்கம் போனேன். கிளாம்ப்பைத் தளர்த்தி டிஸ்ட்ரிபியூட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். குமிழை இழுக்க ஆள் வேண்டும். மாரப்பண்ணன் நகரவில்லை. "சார், நீங்க உள்ள உக்காருங். நான் சொல்றப்ப குமிழ இழுங். சொல்றதுக்கு முன்னாடி வேண்டாம்" என்றேன். சார் ஒரு கணம் என்னைப் பார்த்தார், அவரை இப்படி யாரும் உட்காரச் சொல்லி எவ்வளவு காலமாயிற்றோ. உட்கார்ந்தார். "ஏனுங் எஞ்சினியரம்மா, வேணும்னா நான் ஒரு கை..." என்று ரொசாரியோ அண்ணன் வந்தார். "வேண்டாங்ணா, நீங்க சிரிங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை, கையிலிருந்த சுத்தியலை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல நின்றார். "இழுங் சார்." முனகியது. ஒரு நூல் அளவு திருப்பினேன். மறுபடியும் முனகியது. இன்னொரு நூல். "இழுங்." இருமியது, திணறியது, பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டது! மெதுவாக, சீராக, உள்ளங்கை வழியாகத் தோள் வரைக்கும் அதன் நடுக்கம் ஏறியது.  கிளாம்ப்பை முடுக்கினேன்.

சார் உள்ளேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆக்சிலேட்டரை ஒரு முறை மிதித்தார், விட்டார், விட்ட இடத்தில் அது பிசகாமல் இறங்கி நின்றது. அவர் முகத்தில் ஏதாவது தெரியும் என்று பார்த்தேன், பானெட் மறைத்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "வண்டி ஓடுது. இல்லைன்னு சொல்லமாட்டேன்" என்றார். செருமினார். "ஆனா அந்த நாலு வண்டி சினேகிதங்களுது மாரப்பா. நாலும் என்னை நம்பிக் குடுக்கறது. அதுக்கு வேற ஆளப் பாக்கலாம், தப்பா நெனச்சுக்காதே." என்னிடம் சொல்லவில்லை, என் தலைக்கு மேலாக மாரப்பண்ணனிடம் சொன்னார். மாரப்பண்ணன், "நீங்க சொன்னா சரிங் சார்" என்றார். சரி என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இதுவரை பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான், வந்துவிட்டது. வந்தபிறகு பார்த்தால், இருபது நிமிடமாக நான் அதற்குக் கொடுத்த உயரம் அதற்கு இல்லை. சரிங்க என்று நானும் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போகலாம், உண்மையைச் சொன்னோம் என்ற நிம்மதியை டிபன் டப்பாவில் போட்டு மதியத்துக்கு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம். எனக்கு நிம்மதி வேண்டாம். எனக்கு அந்த நான்கு வண்டியும் வேண்டும். பானெட்டைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் சத்தமாகச் சொல்லவேண்டியிருந்தது. "வேற ஆளும் ஒண்ணு எரிப்பாங்க சார். எரிச்சுட்டுக் கடையச் சொல்லுவாங்க. நான் எரிச்சாச்சு." அவர் புருவம் ஏறியது. மாரப்பண்ணன், "அம்மிணி!" என்றார். சுடிதாரின் கிழிசல் தெரிந்திருக்கும், தெரியட்டும். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. சாவி அவர் பக்கத்தில் இருக்கிறது, அவருடைய வண்டி, போதும் என்றால் அவரே திருப்பி நிறுத்தட்டும். அவர் கை ஸ்டியரிங்கிலிருந்து எழுந்து சாவி வரைக்கும் போயிற்று. அங்கேயே நின்றது. நான் அந்தக் கையைப் பார்க்கவில்லை, அவர் கண்ணைப் பார்த்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.